பந்திக்கு வந்தவர்

பர்மாவிலிருந்து ஓடிவந்த தமிழ்க் குடும்பங்கள் டெல்லியில் தங்குவதற்கு அதிகாரிகள் ஒரு சுலபமான வழி வைத்திருந்தார்கள். கோயிலோ சர்ச்சோ மசூதியோ 'இவர்கள் எங்களவர்கள்' என்று சாட்சி சொன்னால் போதும். முனிர்காவில் அந்த வேலை பிள்ளையார் கோயில் சபையின் தலையில் விழுந்தது. செயலாளர் ஜகந்நாதன் ரிட்டயரான பிறகும் ஆபீஸை விட்டு இறங்காத மனிதர். குடும்பத் தலைவரோடு வந்து அன்னதானப் பந்தியில் உட்கார்ந்தால்தான் சபை சாட்சி சொல்லும் என்று விதி போட்டுவிட்டார்.

மதுமதி மகளோடு வந்து நின்றாள். எல்லையில் ஆற்றைக் கடக்கும்போது புருஷன் வெள்ளத்தோடு போய்விட்டான் என்று அழுதாள்.

"அச்சா, வருத்தந்தாம்மா. ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கே. ஆத்துக்காரரைக் கூட்டிண்டு வாங்கோ, பார்க்கலாம்" என்றார் ஜகந்நாதன். நாற்பது வருஷமாக எல்லோரையும் திருப்பியனுப்பிய வாய் அது. செத்தவனைக் கூட்டிவரச் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

மதுமதி அவரையே பார்த்தாள். "சரிங்கய்யா" என்றாள்.

சனிக்கிழமைப் பந்தியில் தாயும் மகளும் நடுவில் ஓர் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயும் இலை போட்டிருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த ஜலஜா அதன் முன் குனிந்து, "இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமாண்ணா?" என்று கேட்டாள்.

"யாரைக் கேக்கறே?" என்றார் ஜகந்நாதன்.

"மதுமதி வீட்டுக்காரரைத்தான் மாமா. பாவம், சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்."

ஜகந்நாதன் கண்ணுக்கு அங்கே யாரும் தெரியவில்லை. அவர் பார்க்கப் பார்க்க இலையில் சோறு குறைந்தது. கடைசியில் இலை தானாக எதிர்ப்பக்கமாக மடிந்தது. இழவு வீட்டில்தான் அப்படி மடிப்பார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஆரிப், பந்தியில் இருந்தவர்களைக் கேட்டார். எல்லோரும் புருஷனைப் பார்த்ததாகச் சொன்னார்கள். செயலாளரின் வார்த்தைதான் பாக்கி. அவர் 'இல்லை' என்று சொன்னால் இருவரையும் எல்லைக்கே அனுப்பிவிடுவார்கள். மதுமதியின் மகள் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு ஜகந்நாதன் வாயையே பார்த்தாள்.

"இருக்கார். எங்களவர்தான்" என்று ஜகந்நாதன் இந்தியில் சொன்னார். மதுமதி உடைந்து அழுதாள்.

கிளம்பிய ஆரிப் வாசலில் திரும்பி, "என்ன சார், இவ்வளவு நேரமாக அவர் உங்களைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். நீங்கள் கண்டுகொள்ளவே இல்லையே?" என்றார்.

ஜகந்நாதனுக்கு எதிரே யாருமில்லை. தரை மட்டும் நனைந்திருந்தது. பயத்தைவிட வெட்கம்தான் அவரைப் பிடுங்கித் தின்றது. கைகளைக் குவித்தார்.

"மன்னிச்சுடுங்கோ" என்றார். "உங்களை இவ்வளவு தூரம் வரவழைச்சிருக்கப்படாது."