அவர் சொல்லாத கண்டி

பாலச்சந்திரன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரம், மகள் தாட்சாயினி பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் இருந்த வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். தகப்பனுக்கு ஒரு பயணம் பரிசாகக் கொடுக்கப் போவதாகவும் எங்கே போவதென்பதை அவர்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். பிரெஞ்சு உணவகம் ஒன்றின் அடுப்படியிலேயே காலத்தைக் கழித்த மனிதர் அவர். லண்டனில் தம்பி வீடு என்பார், இல்லாவிட்டால் யாழ்ப்பாணம் என்பார் என்றுதான் மனைவி சாரதாதேவி நினைத்தாள்.

"கண்டி," என்றார் அவர்.

தாட்சாயினி உடனே கைத்தொலைபேசியில் தேடிப் படங்களைக் காட்டினாள். மலைகளுக்கு நடுவில் ஒரு வாவி, அதன் கரையில் புத்தரின் பல்லை வைத்திருக்கும் மாளிகை, பின்னால் காடு. "செ மாக்னிஃபிக், பப்பா," என்று பிரெஞ்சில் வியந்தாள். அவர் படத்தைப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

சாரதாதேவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமனார் கண்டிக் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், கிளாக்கராக இருந்தவர் என்பதும், குடும்பம் எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் உடுத்த உடுப்போடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததும் அவளுக்குத் தெரியும். அப்போது இவருக்குப் பத்தொன்பது வயது. அதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்த பிறகு இரண்டு தடவை ஊருக்குப் போனார்கள். இரண்டு தடவையும் கொழும்பிலிருந்து நேரே வடக்கே.

மகள் போன பிறகு, கோப்பைகளைத் துடைத்தபடி கேட்டாள்.

"உங்களை அடிச்சுக் கலைச்ச ஊரல்லோ அது?"

"ஓம்."

"பிறகென்னத்துக்கு?"

"பாக்கவேணும் போல கிடக்கு," என்றார்.

தை மாதம் போனார்கள். கொழும்பிலிருந்து வாடகை வான். கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கியதும் பாலச்சந்திரன் கண்ணாடியை இறக்கிவிட்டார். ஈர இலையும் மண்ணும் கலந்த குளிர்காற்று உள்ளே வந்தது. அவர் முன்னால் சாய்ந்து சாரதியிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். சாரதி திரும்பிப் பார்த்து ஆச்சரியத்தோடு பதில் சொன்னான். பிறகு இருவரும் பேச்சை நிறுத்தவேயில்லை.

சாரதாதேவி பின் ஆசனத்திலிருந்து கேட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் குரலைத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்திருந்தாள். வீட்டில் அவர் தேவைக்கு மட்டும் பேசுவார், அதுவும் மெல்ல. இந்தக் குரல் துள்ளியது, இடையில் புகுந்து குறும்பு செய்தது. ஒரு வளைவில் அவர் சாரதியின் தோளில் தட்டி உரக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் இத்தனை வருடத்தில் கேட்டதில்லை.

விடுதி மலைச்சரிவில் இருந்தது. அறையின் வெளிமாடத்தில் நின்றால் வாவி முழுவதும் தெரிந்தது. மேகம் போல வளைவுவளைவாகக் கட்டிய வெள்ளைச் சுவர், மாளிகையின் கூரை, அந்தப் பக்கம் மூடுபனிக்குள் அந்தானை மலைகள். நகருக்கு மேலே ஒரு குன்றின் உச்சியில் பெரிய வெள்ளைப் புத்தர் இருந்தார்.

"உது நான் இருக்கேக்கை இல்லை," என்றார், யாரோ தன்னைக் கேட்காமல் வீட்டுச் சாமானை இடம் மாற்றி வைத்துவிட்டது போல.

பின்னேரம் அம்பிட்டிய வீதியில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டைத் தேடிப்போனார்கள். மாடி அப்படியே இருந்தது. கீழே ரியூசன் வகுப்பு. வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் படியில் உட்கார்ந்து, மீன் வைத்த மாலுபாண் தின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்க்கலாமே என்று அவள் சொன்னபோது வேண்டாம் என்று தலையாட்டினார். வீதிக்கு எதிர்ப்பக்கம் நின்று மேல் ஜன்னலைக் காட்டினார்.

"உதிலை இருந்து பாத்தால் யானையள் குளிச்சுப்போட்டுப் போறது தெரியும். பெரஹரா ஊர்வலம் வந்தால் அம்மா எங்களைப் படிக்கச் சொல்லமாட்டா."

மாலை ஆனதும் அவர் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து உடுத்தினார். அது எப்போது வாங்கியது, எப்போது பெட்டிக்குள் போனது என்று அவளுக்குத் தெரியாது.

"பூசைக்கு மேளம் அடிக்கிற நேரம். வாருமன், சாரதா."

"நான் வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ."

அவர் வற்புறுத்தவில்லை. அவள் ஏன் வரமாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும். அவளுடைய தம்பி லவனை, பதினேழு வயதில், சோதனைச் சாவடி ஒன்றில் இராணுவச் சீருடைக்காரன் ஒருவன் விரலைக் காட்டி பஸ்ஸிலிருந்து இறக்கினான். அவள் அதே பஸ்ஸில் இருந்தாள். பஸ் புறப்பட்டது, லவன் ஏறவில்லை. அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

வாவிக்கரையில் ஒரு பெரிய மரத்தின் கீழ் வாங்கில் உட்கார்ந்துகொண்டாள். கிளைகளில் நீர்க்காகங்கள் அடைந்து இறக்கையை விரித்து உலர்த்தின. மாளிகைக்குள் மேளம் தொடங்கியது. தவிலைப் போலவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. வெள்ளை உடுத்த பெண்கள் தாமரைப் பூக்களோடு போனார்கள். அவர்களில் யார் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்த எண்ணம் அவளுக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினாள்.

மழை சட்டென்று வந்தது. காற்றும் சேர்ந்தது. குடையை அவர் கொண்டுபோய்விட்டார். எழும்புவதா இருப்பதா என்று அவள் யோசித்தபோது, பாதைக்கு அப்பால் ஒரு சிறு கொட்டிலில் நின்ற பொலிஸ்காரன் அவளைப் பார்த்துக் கையை அசைத்தான்.

"அம்மே! என்ன, என்ன."

தமிழில் கேட்கிறான், விசாரிக்கிறான் என்று நினைத்தாள்.

"ஒண்டுமில்லை," என்றாள். "ஒண்டுமில்லை, சும்மா இருக்கிறன்."

அவன் இன்னும் உரத்து, "என்ன, என்ன," என்றபடி மழைக்குள் இறங்கி அவளை நோக்கி வந்தான். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கைப்பையில் இருந்தது. அதை எடுக்க முடியாமல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பி நின்றாள். வாய் மட்டும் ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பாலச்சந்திரன் குடையோடு ஓடி வந்தார். பொலிஸ்காரனிடம் ஏதோ கேட்டார். அவன் மரத்தின் மேலே காட்டிப் பதில் சொன்னான். இருவரும் சிரித்தார்கள். மலையேறும்போது வானுக்குள் கேட்ட அதே சிரிப்பு.

விடுதி அறைக்கு வந்து அவள் தலையைத் துவட்டினாள்.

"அவனோடை சிரிக்கிறியள். நான் அங்கை செத்துக்கொண்டு நிண்டனான்."

"சாரதா, அவன் உம்மைக் கொட்டிலுக்குள்ளை கூப்பிட்டவன். கொப்பு முறிஞ்சு விழும், அதிலை நிக்கவேண்டாம் எண்டு. சிங்களத்திலை 'என்ன' எண்டால் 'வாங்கோ' எண்டு அர்த்தம்."

அவள் துவாயைக் கீழே வைத்தாள். அழுகை வந்தது. அந்தப் பொலிஸ்காரப் பெடியன் தன்னைக் காப்பாற்றத்தான் கூப்பிட்டான் என்பது அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. லவனைக் கூப்பிட்டதும் அப்படி ஒரு கைதான்.

பாலச்சந்திரன் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இதுக்குத்தான் நான் ஒருநாளும் சொல்லேல்லை," என்றார். "நீர் லவனை நினைச்சு அழேக்கை, எனக்குக் கண்டி ஞாபகம் வருகுது எண்டு எப்பிடிச் சொல்லுறது? லா சப்பலிலை எங்கடை சனத்திலை ஆரிட்டைச் சொல்லுறது? ஒவ்வொரு வீட்டிலையும் ஒரு படத்துக்கு மாலை போட்டுக் கிடக்கு. எனக்கு ஊர் எண்டு கனவிலை வாறது இதுதான், சாரதா. யாழ்ப்பாணம் வாறேல்லை. அங்கை நான் ஆறு வருசந்தான் இருந்தனான். எங்கடை வீட்டை எரிச்சவையும் இந்த ஊர்ச் சனந்தான். எண்டாலும் இதுதான் வருகுது. நான் என்ன செய்ய?"

அவர் அழவில்லை. ஏதோ பிழை செய்து பிடிபட்ட சிறுவன் மாதிரி கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடம் ஒரே கட்டிலில் படுத்த மனிதர் இதைத் தனக்குள் வைத்துக்கொண்டே ரெயின் ஏறி வேலைக்குப் போய் வந்திருக்கிறார். அவளுக்காகத்தான் வைத்திருந்திருக்கிறார். அவளுக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் வேறொன்றும் வந்து கலந்தது.

"நாளைக்கு வேறை எங்கை போறது?" என்று கேட்டாள்.

மறுநாள் மாளிகைக்குப் பின்னால் இருக்கும் உடவத்தகலைக் காட்டுக்கு அழைத்துப் போனார். மரங்களின் உயரத்துக்கு வெளிச்சம் பாதியிலேயே நின்றுவிட்டது. தரையில் தண்ணீர் சொட்டும் சத்தமும் எங்கோ குரங்குகள் தாவும் சத்தமும். ஒரு கற்குகையில் முன்பு ஒரு பிக்கு இருந்தாராம். சோதனைக்குப் படிக்காமல் ஒளிந்து வந்த பெடியன்களுக்கு அவர் பனங்கட்டியும் தேத்தண்ணியும் கொடுப்பாராம். எந்தக் கொடியில் தொங்கினார்கள், யார் விழுந்து கையை முறித்தது, ரெயினில் மூன்றாம் வகுப்பு ரிக்கற்றோடு முதலாம் வகுப்பில் ஏறிப் பேராதனை வரை போனது, எல்லாம் சொன்னார். அட்டை கடிக்காமல் இருக்க அவளுடைய காலுக்குச் சவர்க்காரம் பூசிவிட்டார். ஏற்றத்தில் அவளை விட்டு முன்னே போய், நின்று, திரும்பிப் பார்த்தார்.

பத்தொன்பது வயதில் இந்த மனிதர் எப்படி இருந்திருப்பார் என்று அவளுக்கு முதல்தடவையாகத் தெரிந்தது. அந்தப் பெடியனை அவளுக்குக் கட்டி வைக்கவில்லை. கட்டி வைத்தது, அவனை மூடி வைத்துவிட்டு வந்த ஒருவரை.

அன்று மாலையும் அவள் மாளிகைக்குள் போகவில்லை. ஆனால் வாசலில் பூ விற்ற பெண்ணிடம் நீலோற்பலம் ஒரு தட்டு வாங்கி அவர் கையில் கொடுத்தாள்.

"என்ரை கணக்கிலையும் வையுங்கோ," என்றாள். "லவனுக்கெண்டு."

அவர் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போனார்கள். வான் மாத்தளைப் பக்கம் இறங்கி, மலைகள் பின்னால் ஒவ்வொன்றாகச் சிறுத்தபோது அவருடைய பேச்சும் குறைந்தது. தம்புள்ளை தாண்டியதும் அறவே நின்றுவிட்டது. அவளுடைய அக்கா வீட்டில் ஒரு கிழமை நல்ல விருந்தாளியாக இருந்தார்.

பாரிசில் மாசி மாதம். விடிந்தாலும் வெளிச்சமில்லை. சாரதாதேவி பழையபடி லா சப்பலில் ராதாகிருஷ்ணனின் பலசரக்குக் கடைக் காசுமேசைக்குத் திரும்பினாள். மேலே மெத்ரோ ஓடும்போதெல்லாம் அலுமாரிப் போத்தல்கள் மெல்ல அதிர்ந்தன. பாலச்சந்திரன் வீட்டில் இருந்தார். தேவைக்குப் பேசினார், மெல்ல. அவள் சமைத்ததைச் சாப்பிட்டு நல்லாயிருக்கு என்றார். சில நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், அந்த மற்றவர் எங்காவது தெரிகிறாரா என்று. அவளுக்கு அவரைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல் அப்படி ஒரு ஏக்கம் வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

ஒரு நாள் கடைக்கு ஒரு சிங்களச் சோடி வந்தது. முன்பும் வந்திருப்பார்கள். அவள் கவனித்ததில்லை, காசை வாங்கி மிச்சத்தைக் கொடுத்து அனுப்பியிருப்பாள். மாசிக் கருவாடும் றம்பை இலையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவள் பிரெஞ்சில் எந்த ஊர் என்று கேட்டாள். கம்பளை, கண்டிக்குப் பக்கம் என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் தயங்கி.

"என் கணவர் கண்டி," என்றாள் சாரதாதேவி. "சனிக்கிழமை இங்கே இருப்பார். வர முடியுமா?"

வீட்டில் அவரிடம், சனிக்கிழமை அரிசி மூட்டை தூக்க ஆள் இல்லை, கடைக்கு வாருங்கோ என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் வந்தார்கள். முதலில் தமிழ் அண்ணை ஒருவரைப் பார்த்த மரியாதையில் இருவரும் ஒதுங்கி நின்றார்கள். பாலச்சந்திரன் சிங்களத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடையிலிருந்த சனம் திரும்பிப் பார்த்தது. ராதாகிருஷ்ணனும் பார்த்தார். மரக்கறி தெரிவுசெய்துகொண்டிருந்த ஒரு அம்மா முகத்தைச் சுளித்தார்.

"என்ரை மனுசன் கண்டியிலை பிறந்தவர்," என்று சாரதாதேவி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். சொல்லிவிட்டு முருங்கைக்காயைத் தராசில் நிறுத்தாள். பின்னால் அந்தச் சிரிப்பு எழுந்தது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடும் என்று பயந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு விடைபெற்றார்கள். பாலச்சந்திரன் வாசல்வரை போய், மெத்ரோப் பாலத்தின் கீழ் அவர்கள் கூட்டத்தில் மறையும்வரை நின்றார். பிறகு காசுமேசைக்கு வந்தார்.

"பிறகும் வருவினமோ?" என்று கேட்டார்.

"வருவினம்," என்றாள் சாரதாதேவி. அவளுக்குத் தெரியாது.