இராசதுரையின் கருவாடு காய்ந்த சூரியன்

1990ஆம் ஆண்டு ஆவணி மாதம், போர் நடந்த கிழக்குக் கரை ஊரான உப்புவெளியில் குணேஸ்வரியின் கிணற்றுக்குள் இன்னொரு சூரியன் உதித்தது. அது நம்முடையதைவிடப் பிரகாசம், நிறம் நல்ல வெள்ளை. அதன் கீழே ஒரு கடற்கரை தெரிந்தது. இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டு இரண்டு மாதமாகத் திரும்பாத அவள் கணவன் இராசதுரை அங்கே மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தான். ஊர் வந்து எட்டிப் பார்த்தது. சீமெந்துக் கட்டு இல்லாத கிணறு, பிள்ளைகள் விழுந்துவிடும் என்று புத்தி சொல்லிவிட்டுப் போனது. அவனைக் கொண்டுபோன அன்று யன்னலைச் சாத்திக்கொண்டதும் இதே புத்திதான்.

இராசதுரை கருவாடு போடத் தெரியாதவன் என்று பெயரெடுத்தவன். எல்லோரும் கீறிய மீனைச் சதைப்பக்கம் மேலே தெரியப் பரப்புவார்கள். அவன் தோலை மேலே வைப்பான். கிண்ணியாவிலிருந்து கருவாடு வாங்க வரும் ஸைனுலாப்தீன் பதினொரு வருடமாக அதை மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். கிணற்றிலும் அவன் தோலை மேலே வைத்தே பரப்பினான். அதைப் பார்த்துத்தான் குணேஸ்வரிக்குச் சந்தேகம் தீர்ந்தது.

ஊர்ப் பதிவு பார்க்கும் விதானையார் கனகசுந்தரம் பி.எஸ்ஸி. படித்தவர். அதைச் சொல்லாமல் ஒரு வீட்டு வாசற்படலையும் தாண்டாதவர். இராசதுரை செத்துவிட்டான் என்று கையெழுத்துப் போடாவிட்டால் அவளுடைய நிவாரண அட்டையை வெட்ட வேண்டிவரும் என்று வந்து நின்றார். கிணற்றையும் பார்த்தார்.

“தங்கச்சி, இப்பிடிப் பிரகாசமான நட்சத்திரத்தைச் சுத்திற கிரகத்தில உயிர் இருக்க ஏலாது. அந்த வெயில் சதையைப் பொசுக்கிப்போடும். நட்சத்திரமும் கெதியா எரிஞ்சு முடிஞ்சிடும். முந்நூறு கோடி வருசம்தான் தாங்கும். மனுசர் உண்டாக அது காணாது.”

காலையில் சந்தைக்குப் போனவன் மத்தியானம் வருவானா என்று தெரியாத ஊரில் நின்றுகொண்டு, முந்நூறு கோடி வருடம் போதாது என்றார் அந்தப் படித்த மனிதர்.

“தோலை மேல வைச்சா சதை பொசுங்காது, ஐயா. அவருக்கு அது தெரியும்” என்று சொல்லி, குணேஸ்வரி வாளியை இறக்கி இழுத்தாள். உள்ளே ஒரு பாரைக் கருவாடு கிடந்தது. கருவாடு வாங்க வந்திருந்த ஸைனுலாப்தீன் அதை எடுத்து மோந்தார்.

“இது இராசதுரைட கைதான். தோல் கரியாப் போயிருக்கு, உள்ளுக்குச் சதை பழுதில்ல. இஞ்ச பிழையான வேலை அங்க சரியா வந்திருக்கு.”

முதல் தடவையாக அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கணவனைக் கொண்டுபோன அன்றும் அழாத குணேஸ்வரி அப்போது அழுதாள்.

விதானையார் கையெழுத்துக் கேட்கவில்லை. பதிவில் இராசதுரையின் பெயருக்கு எதிரே ‘வெளிநாடு’ என்று எழுதினார். அந்த வருடங்களில் காணாமல்போன பலரின் பெயருக்கு எதிரே அதைத்தான் எழுதினார்கள். அட்டை பிழைத்தது. வெளிநாட்டில் இருப்பவனுக்குப் பங்கில்லை என்று அவனுடைய அரிசி மட்டும் வெட்டுப்பட்டது. பிறகு ஊர் அவளிடம் கேட்டதெல்லாம், புருஷன் ஏன் இன்னும் அவளைக் கூப்பிடவில்லை என்றுதான்.

அவள் ஒவ்வொரு வெள்ளியும் தன் அரிசியில் பாதியைச் சோறாக்கி வாளியில் இறக்கினாள். போர் திரும்பவும் மூண்டு சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்த 2006இலும் இறக்கினாள். ஒருநாளும் வாளி கருவாடு இல்லாமல் மேலே வந்ததில்லை.