அக்கி எழுதிய கை

பெட்டியில் ஆணி அடிக்க விடாமல் மத்தியாஸ் இரண்டு கைகளையும் விரித்து மூடியின்மேல் கவிழ்ந்து கிடந்தார். அம்மைச் சாவு, சீக்கிரம் எடுக்கவேண்டும் என்று உபதேசியார் முற்றத்திலிருந்தே குரல் கொடுத்தார். கருவாட்டு வியாபாரத்தில் குளச்சலில் பாதிப் பேருக்கு வேண்டியவர் மத்தியாஸ். வந்ததோ ஆறு பேர்.

ததேயுஸ்தான் அப்பாவைத் தூக்கி நிறுத்தினான். உள்ளே கிடப்பவள் அவன் தங்கை குளோரி, ஏழு மாத வயிற்றோடு. பிரசவத்துக்கு வந்த பெண்.

சின்னம்மையில் யாராவது சாவார்களா என்று ஊர் கேட்டது. பிள்ளைத்தாய்ச்சிக்கு நெஞ்சில் இறங்கினால் சாவாள். அது டாக்டர் ததேயுஸுக்குத் தெரியும். வெட்கக்கேடு, அதற்கு மேலும் தெரியும்.

நாலு வருஷமாக நாகர்கோவிலில் அவன் ஆராய்வதே இதைத்தான். அக்கியும் சின்னம்மையும் ஒரே விஷம். சிறுவயதில் வந்த அம்மை எங்கும் போய்விடுவதில்லை. நரம்புக்குள் பதுங்கிக் கிடந்து, உடம்பு தளரும்போது அக்கியாக வெளியே வருகிறது. அந்த நீர் பட்டால் அம்மை போடாதவர்களுக்கு அம்மை வரும். பெரிய டாக்டர்கள் சிரித்தார்கள். ருசு எங்கே என்றார்கள்.

1931 தை மாதம் மத்தியாஸுக்கு விலாவில் அக்கி. மண்பாண்டம் வனையும் வேளார் வந்து, வழக்கப்படி கொப்புளங்களின்மேல் காவி குழைத்து எழுதிவிட்டுப் போனார். மறுநாள் முதல், அழிந்த இடத்தில் குளோரி விரலால் தொட்டு எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை வந்த ததேயுஸ் அதைப் பார்த்தான். வீட்டில் எல்லோருக்கும் அம்மை போட்டபோது அவள் மட்டும் மார்த்தாண்டத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தவள், அம்மை போடாதவள். ‘ஏட்டி, கையை எடு’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சின்னம்மைதானே, பத்து நாளில் இறங்கிவிடும் என்று நினைத்தான், பாவி. நோட்டை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டான். பதினைந்தாம் நாள் அவள் நெற்றியில் முதல் கொப்புளம் வந்தது.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் மத்தியாஸ் பாயில் உட்கார்ந்தார்.

“மக்கா, கிறிஸ்மஸுக்கு வந்தப்பம் நீ என்னமோ சொன்னியே. அக்கியில இருந்து அம்மை வரும்னு. நான்கூட சிரிச்சேன்.”

ததேயுஸ் அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அது உள்ளதுதானாலே? எனக்க மேலுல இருந்துதான் பிள்ளைக்கி ஒட்டிச்சா?”

இத்தனை வருஷத்தில் அவன் சொன்னதை ஒருவர் நம்பிக் கேட்பது இதுதான் முதல்முறை. ஆமாம் என்றால் கிழவர் அத்தோடு தீர்ந்தார். அடுத்து அவர் கேட்கப்போவதும் அவனுக்குத் தெரியும்: தெரிஞ்சிருந்தும் நீ ஏம்லே அவ கையைப் பிடிக்கல்ல?

“இல்லப்பா. அது தப்புன்னு பொறவு தெரிஞ்சு போச்சு. இது காத்துல வந்தது.”

“நீ படிச்ச பிள்ளை. நீ சொன்னா செரி.”

அப்பாவுக்காகத்தான் சொன்னேன் என்று மனதைத் தேற்றிப் பார்த்தான். தேறவில்லை. அந்தப் பொய் அப்பாவைவிட அவனைத்தான் நன்றாகக் காப்பாற்றியது.

மத்தியாஸ் மகன் கையைப் பிடித்தபடியே சாய்ந்தார். ஐந்து நாளாகக் கண்மூடாத மனிதர். உடனே குறட்டை வந்தது. ததேயுஸ் கையை உருவிக்கொள்ளவில்லை. ஜன்னல் வெயில் மெல்ல நகர்ந்து பாயில் ஏறி, அவன் முழங்காலைச் சுட்டது. அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.