கிணற்றடி வரை ஒரு கேபிள்

"வைஃபை போதாதா அத்தான்? எதுக்கு இம்புட்டு நீளத்துக்கு வயரு இழுக்குதிய?"

"ஏட்டி, நம்ம கல்லுச் செவரு தாண்டி கிணத்தடிக்கு வைஃபை எட்டாது, கேட்டியா? கேபிள்னா உறுதி. மஸ்கட்டுல இருந்து போனைத் தொட்டா இங்க மோட்டார் ஓடும்."

"அப்பம் நிங்க வேண்டாம், ஒங்க விரல் போதும்னு சொல்லுங்க."

போன லீவில் ஆன்ஸ்லினும் அவளும் இப்படிப் பேசிச் சிரித்தது ஜெனிலாவுக்கு நேற்றுப் போல இருக்கிறது. தீப்பெட்டி அளவு எலக்ட்ரானிக் பலகை ஒன்று. அதோடு கேபிள் மாட்டுகிற துண்டு ஒன்று. முதலில் வாங்கிய மலிவான துண்டு சூடாகிச் சூடாகி நின்றுபோக, வேறு வாங்கி, எல்லாவற்றையும் பழைய ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் அடக்கி மோட்டார் அறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனான். லீவில் பாதி அதிலேயே போயிற்று.

காலையில் மோட்டார் இரைந்தால் அவன் எழுந்துவிட்டான் என்று அர்த்தம். சுவரில் சுவிட்ச் இருந்தும் அவள் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. ஞாயிறு சர்ச் முடிந்து வருகிற போன் வீட்டுக்கே பொது. மாமியார், நாத்தனார், பிள்ளை என்று கைமாறி அவளிடம் வரும்போது எல்லோரும் சுற்றி நிற்பார்கள். ஒருமுறை தென்னமட்டை விழுந்து கேபிள் கழன்றபோதுதான் அவன் அவளை மட்டும் கூப்பிட்டான். கிணற்றடியில் தனியாக நின்று நெடுநேரம் பேசினாள். அதற்குப் பிறகு கேபிள் அடிக்கடி கழன்றது.

போன ஞாயிறு, "வியாழக்கிழமை விசா புதுக்கக் கையெழுத்துப் போடணும்" என்றான். "நல்ல காரியம் மக்கா" என்றார் மாமியார். போன் தன் கைக்கு வந்தபோது, "சாப்பிட்டியளா?" என்று மட்டும்தான் ஜெனிலாவால் கேட்க முடிந்தது.

இன்று வியாழன். தொட்டி நிறைந்து மோட்டார் நின்றதும் அவள் கிணற்றடிக்குப் போய்க் கேபிளை உருவினாள். சற்றைக்கெல்லாம் போன் அடித்தது.

"ஏட்டி, லைன் போச்சுன்னு காட்டுது. பச்சை லைட்டு எரியுதா?"

"இல்ல." கேபிளின் முனை அவள் உள்ளங்கையில் இருந்தது.

"சவம், இதும் சூடாயிட்டோ? தொட்டுப் பாரு."

"குளுந்துதான் கெடக்கு."

"அப்பம் எலிதான். பூனை வளக்கச் சொன்னா கேட்டியா? கேபிளை மாட்டிப் பாரு. டிக்குனு கேக்கணும்."

மாட்டினாள். டிக். பச்சை எரிந்தது, மஞ்சள் துடிக்கத் தொடங்கியது.

"ஆங், வந்தாச்சு! தொட்டி நெறஞ்சுதான் கெடக்கு, சும்மா ஓட்டிப் பாத்துட்டு நிறுத்திருதேன்." மோட்டார் இரைந்தது. "செரி, வைக்கட்டா? ஆபீசுக்குப் போணும்."

"வைக்காதிய." அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "எலி இல்ல. நான்தான் உருவுனேன். எப்பவும் நான்தான்."

மோட்டார் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

"விரல் போதாது அத்தான். கையெழுத்துப் போடாதிய. இங்க வந்துருங்க."

ஒரு சொட்டுத் தண்ணீரையும் வீணாக விடாதவன் ஆன்ஸ்லின். மாடித் தொட்டி விளிம்பு தாண்டி, சுவரில் வழிந்து, கீழே வாழையிலைகளில் தடதடவென்று கொட்டத் தொடங்கியது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.