இறக்கை உயர்ந்த விமானம்

ஆஞ்சலஸ் நகரத்துப் பட்டறைகளில் தச்சர் போனிங்கைப் போல மகோகனி மரத்தில் மாதிரி விமானம் செதுக்க ஆள் கிடையாது. அவரைப் போல வீம்பு பிடிக்கவும் ஆள் கிடையாது. முதலாவதால் கடல் கடந்தும் கிராக்கி வந்தது. இரண்டாவதால் மகள் மாரிவிக் படாத பாடு பட்டாள்.

தாயில்லாமல் அவர் தனியாக வளர்த்த பெண். ராட்டர்டாமில் நர்ஸ் வேலை. அங்கேயே ஒரு பையனைப் பிடித்துப்போனது. அவனுடைய அப்பா ஓய்வுபெற்ற விமானி. நாலு எஞ்சின் போட்ட நெடுந்தூர விமானத்தை ஓட்டியவர். வருங்கால மாமனாருக்குப் பரிசாகக் கொடுக்க அதே விமானத்தைச் செய்து தரச்சொல்லி மாரிவிக் கேட்டிருந்தாள். போனிங்கும் கணு இல்லாத கட்டையாகப் பொறுக்கி, வேறு யார் கையும் படவிடாமல் வேலையைத் தொடங்கியிருந்தார்.

வம்பு பமன்ஹிகன் என்ற பெண் கேட்கும் சடங்கில் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் விருந்துச் சாப்பாட்டைச் சுமந்துகொண்டு பெண்வீட்டுப் படியேறி வந்து பெண் கேட்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர் வாசலில் நின்று உள்ளே அழைக்க வேண்டும். ஊர் முறை அதுதான். மாரிவிக் போனில் சொன்னதோ வேறு.

"அப்பா, பக்கத்துல கிளார்க்ல ஒரு ஹோட்டல்லயே வெச்சுக்கலாம்ப்பா. நீங்க அங்க வந்துடுங்க."

"ஏன், நம்ம வீட்டு மாடிப்படி அவங்க காலுக்கு ஆகாதாமா?"

"அதைத்தாம்ப்பா சொல்ல வர்றேன், அவருக்கு..."

"ஒரு மண்ணும் சொல்ல வேணாம். வீட்டைக் காட்ட வெக்கப்படறவளுக்கு அப்பனைக் காட்டவும் வெக்கமாத்தான் இருக்கும். இனிமே என்னை அப்பான்னு கூப்பிடாதே!"

போனை அணைத்து உளிப்பெட்டிக்குள் எறிந்தார். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று கேட்டால் காது தேய்ந்துவிடுமா? அந்தப் பொறுமை இருந்தால் அவர் ஏன் போனிங்காக இருக்கப்போகிறார்!

பட்டறையில் சும்மா விடுவார்களா? மூத்த ஆண்களை 'அண்ணே' என்பதுபோல 'கூயா' என்பது அந்த ஊர் வழக்கம். விமானங்களுக்கு ஒவ்வொரு ஜன்னலாகத் தூரிகையில் வரைகிற சாயோங்தான் ஆரம்பித்து வைத்தாள்.

"கூயா, ஊர்ல மாப்பிள்ளை வீடு நம்மளத் தேடி வரும். உங்க கதையில பொண்ணோட அப்பன் ஹோட்டலுக்கு டெலிவரிக்குப் போறாராமே! வாசல் வழியா விடுவாங்களா, சமையக்கட்டு வழியாவா?"

எல்லாரும் சிரித்தார்கள். போனிங் உப்புத்தாளைப் போட்டு இன்னும் வேகமாகத் தேய்த்தார். அவர் முகத்தைப் பார்த்துச் சாயோங்குக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"வெளையாட்டுக்குச் சொன்னேன் கூயா. புள்ள எனக்கு மெசேஜ் போட்டிருக்கா. அப்பாவைக் கட்டாயம் வரச் சொல்லுங்க, நேர்ல எல்லாம் சொல்றேன்னு."

"வருவேன். வராம என்ன!"

கோபமெல்லாம் வாயில்தான், கை அதன் பாட்டுக்கு ஒழுங்காக வேலை செய்தது. இறக்கைகளை நுனியை நோக்கி மெல்ல மேலே வளைத்துச் செதுக்கினார். அவர் வாழ்நாளில் விமானம் ஏறியதில்லை. மாரிவிக் முதன்முதலாகப் பறந்துபோய் இறங்கியதும் போனில் அழுதுகொண்டே சொன்னதுதான்: "நான் இறக்கை பக்கத்துலதாம்ப்பா இருந்தேன். நம்மளத் தூக்கறதுக்கு முன்னாடி இறக்கை தானே மேல எழும்புதுப்பா." அன்றைக்குப் பிறகு அவர் கையிலிருந்து தட்டையான இறக்கை வெளியே போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விருந்துக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லி மகள் அனுப்பிய பூவேலைச் சட்டை அலமாரியில் தொங்கியது. அதைத் தொடவில்லை. வார்னிஷ் கறை படிந்த பனியனையும் ரப்பர் செருப்பையும் மாட்டிக்கொண்டு, விமானம் வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பார்க்கட்டும், எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று கருவினார். தன் மூக்கை அறுத்து எதிரிக்குச் சகுனத்தடை செய்வது என்பார்களே, அந்தக் கதைதான். எதிரி யார்? பெற்ற மகள்!

ஹோட்டல் வாசலில் காவலாளி மறித்தான். "டெலிவரியா கூயா? பின்பக்கம் போங்க."

"டெலிவரியும் இல்ல, கிலிவரியும் இல்ல. என் பொண்ணைக் கேட்டு வந்திருக்காங்க. நான் பொண்ணோட அப்பன்!"

காவலாளி மிரண்டுபோய், "போங்க சார்" என்று கதவைத் திறந்தான்.

உள்ளே ஒரு வெள்ளைக்கார அம்மாள் எழுந்து வந்தாள். அவளுக்குப் பின்னால், மேசையருகே, சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். இரண்டு கால்களும் உயிரில்லாமல் கிடந்தன. மேசை நிறைய அவர்களே கொண்டுவந்த சாப்பாட்டுத் தட்டுகள், ஒரு கூடை நிறைய அரிசிப் பலகாரம். முறையில் ஒன்றும் குறை வைக்கவில்லை. நடுநாயகமாக ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. மாரிவிக்கையும் பையனையும் அங்கே காணவில்லை.

போனிங்குக்குத் தன் வீட்டின் இருண்ட, குறுகிய மாடிப்படி கண்முன் வந்தது. பாவி, இதைத்தானே அவள் சொல்ல வந்தாள்! குனிந்து தன் பனியனைப் பார்த்தார். மகளை அவமானப்படுத்தவென்றே போட்டு வந்த பனியன்.

"நீங்க மாரிவிக்கோட அப்பாவா?" என்று ஆசையாகக் கேட்டாள் அந்த அம்மாள்.

"இல்லம்மா. பட்டறையில இருந்து வர்றேன். அவருக்கு உடம்பு முடியல. இதைக் குடுத்தனுப்பினார்."

"ஐயோ! வீடு தேடி வர முடியாததுக்கு அவர்கிட்ட முதல்ல மன்னிப்புக் கேக்கணும்னு இவர் வழியெல்லாம் புலம்பிக்கிட்டே வந்தாரே!"

பெரியவர் பெட்டியை வாங்கித் திறந்தார். விரலால் இறக்கையைத் தடவி நுனியில் நிறுத்தினார்.

"இது பறந்துக்கிட்டு இருக்கு. பறக்கும்போதுதான் இறக்கை இப்படி இருக்கும். இதை அவருக்கு யார் சொன்னாங்க?"

"அவர் பொண்ணு சொல்லுச்சு" என்றார் போனிங்.

பெரியவர் இனாமாக ஒரு பண நோட்டை எடுத்து நீட்டினார். வாங்காவிட்டால் சந்தேகப்படுவார்களே என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நிமிர்ந்தால், கதவருகே மாரிவிக். மலர்ந்த முகத்தோடு கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"உங்க அப்பா வரலையாம்மா" என்றாள் அந்த அம்மாள் வருத்தமாக. "இவரு பட்டறைக்காரராம். இவர்கிட்ட குடுத்தனுப்பியிருக்கார்."

மாரிவிக் நின்றுவிட்டாள். பனியனைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். அவர் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தாள். ஒரே ஒரு வார்த்தை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரொம்ப நன்றி கூயா" என்றாள் கடைசியில். "வெயில்ல வந்திருக்கீங்க. பாத்துப் போங்க."

அவர் வெளியே வந்தார். காவலாளி ஓடிவந்து கதவைத் திறந்தான்.

"என்ன சார், விருந்து அதுக்குள்ள முடிஞ்சுதா? பொண்ணோட அப்பாவை யாரும் இப்படி விட மாட்டாங்களே!"

"அப்பா இல்லப்பா" என்றார் போனிங். "டெலிவரி."