ஆயில் போட்டாச்சு

ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே எண்ணெயைக் காணோம். தார் டிரம்மின் அடியில் ஒட்டியிருக்குமே, அந்த மாதிரிக் கறுப்புக் கசடு. விரலை விட்டுப் பார்த்தேன். வழியவில்லை, ஒட்டிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நாளாகவே கார் என்ஜினின் மேல்பக்கம் தையல் மிஷின் மாதிரி டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. சிக்னலில் நின்றால் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்து அணைந்தது. எனக்குத் திங்கட்கிழமை வண்டி வேண்டும். கால் சென்டர் நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டேன். ராத்திரி முழுக்க யாரோ அமெரிக்கர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க இனி என்னால் ஆகாது. வண்டிக்கு மஞ்சள் போர்டு மாற்றியாகிவிட்டது. திங்கள் முதல் ஏர்போர்ட் சவாரி. வண்டி ஓடாவிட்டால் பழைய சீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான். அதைத் திங்கள் வரை காலியாக வைத்திருப்பதாக மேனேஜர் சொல்லியிருந்தார். என்னிடம் அல்ல, என் மனைவி சாஹித்யாவிடம்.

பார்க்கிங்கில் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தபோது ராகவேந்திரா இறங்கி வந்தார். சாஹித்யாவின் அண்ணன். நாச்சாரத்தில் இதே கட்டடத்தில் எங்களுக்கு மேல் வீடு. நான் பகலெல்லாம் தூங்கிய வருடங்களில் வண்டியை ஓட்டியவர் அவர்தான். சர்வீஸும் அவர் பொறுப்பு.

"என்ன மாப்ள, போஸ்ட்மார்ட்டமா?"

"மச்சான், கடைசியா எப்ப ஆயில் போட்டீங்க?"

"தீபாவளிக்கு முன்னாடி. நீ கேக்கறப்பல்லாம் சொல்லியிருக்கேனே, போட்டாச்சுன்னு."

"பழைய ஆயில எங்க எறக்குனீங்க?"

"எறக்கறதா? கைக்கு, எதுக்குங்கறேன்? கொறைஞ்சா மேல ஊத்துவேன். உள்ள இருக்கற ஆயில எவனாவது கீழ கொட்டுவானா?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல். மாற்றியாகிவிட்டதா என்ற அர்த்தத்தில் நான் "போட்டாச்சா" என்று கேட்டிருக்கிறேன். ஊற்றியதை நினைத்து அவர் "போட்டாச்சு" என்றிருக்கிறார். வருடக்கணக்காக ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வெவ்வேறு வண்டியைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

சனிக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியில் கிடந்தேன். கீழே இருக்கும் போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் கொஞ்சம் ஒழுகி நின்றுவிட்டது. கம்பியை விட்டுக் குத்த வேண்டியிருந்தது. ஏதோ திரவத்தை ஊற்றி என்ஜினை ஓடவிட்டால் கழுவிவிடும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். இவ்வளவு கசடுக்கு அது ஆகாது. கட்டிகள் பெயர்ந்து ஆயில் போகும் வழியையே அடைத்துவிடும். அதனால் மேல் மூடியைக் கழற்றி, காலாவதியான ஏடிஎம் கார்டால் சுரண்டி எடுத்தேன். என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சேம்பரை இறக்கினேன். ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை. டீசலில் ஊறப்போட்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். சேம்பரைத் துடைத்த துணியில் செம்பு நிறத்தில் ஏதோ மினுங்கியது. பார்த்தேன். துணியை மடித்துப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

சாஹித்யா டீ கொண்டுவந்தாள்.

"வாட்ச்மேன் கேக்கறான், சார் மெக்கானிக் ஆயிட்டாரான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஹவ், ஆமா, ஆயிட்டாருன்னேன். வேற என்ன சொல்ல?"

ஞாயிறு மதியம் எல்லாவற்றையும் பூட்டி, புது பில்டர் போட்டு, புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். முதலில் டக்டக் கேட்டது. பிறகு தேய்ந்து, நின்றே போனது. விளக்கும் அணைந்தது. ராகவேந்திரா கைதட்டினார்.

"சத்தமே இல்ல! நான்தான் சொன்னேனே, வண்டிக்கு ஒண்ணும் ஆகலைன்னு."

ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்து விட்டேன். கீழேயிருந்து வேறு சத்தம் வந்தது. தொம், தொம் என்று கனமான அடி, மூடிய கதவை முஷ்டியால் இடிப்பது போல. நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜின் அடிப்பாகத்தில் வைத்து, பிடியில் காதை வைத்தேன். சந்தேகமே இல்லை. இத்தனை நாள் மேல் சத்தம் இதை அமுக்கி வைத்திருக்கிறது. ஆயில் போய்ச் சேராமல், அடியில் சுழலும் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங் தேய்ந்துவிட்டது. துணியில் மினுங்கியது அந்தப் பேரிங்கின் துகள்தான். முழு என்ஜினையும் இறக்க வேண்டும். வீட்டில் ஆகாது, திங்களுக்குள் நிச்சயம் ஆகாது.

"கீழ பேரிங் போயிருக்கு. இதை ஓட்டக் கூடாது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றாள் சாஹித்யா.

ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தேன். காதில் வைத்துப் பார்த்தாள். "என்ஜின்னா சத்தம் கேக்கத்தானே செய்யும்?"

"நக்கோ மாப்ள, வேணாம்" என்றார் ராகவேந்திரா. "ஓட்ட மனசில்லன்னா நேரா சொல்லு. வண்டி மேல பழி போடாத."

சாஹித்யா அவரை மறுக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுக்காமல் பானெட்டின் மேல் வைத்தாள்.

"ஏறுங்க" என்றேன்.

"எங்க?"

"தார்நாகா வரைக்கும்."

சமதளத்தில் வண்டி அமைதியாகத்தான் போனது. ராகவேந்திரா முன்சீட்டில் சாய்ந்து, கையை ஜன்னலுக்கு வெளியே போட்டிருந்தார். "பாத்தியா? வெண்ண மாதிரி போகுது."

மேடு வந்தது. கியரைக் குறைத்து மெல்ல ஏறியிருக்கலாம். அப்படியே வீடு திரும்பியிருக்கலாம். என்றைக்காவது பேரிங் மாற்றினால் என்ஜின் பிழைத்திருக்கவும் கூடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். டாப் கியரிலேயே வைத்து மிதித்தேன்.

இப்போது அந்த அடி வண்டியின் தரை வழியாக வந்தது. பின்சீட்டில் சாஹித்யா கால்களை மேலே தூக்கிக்கொண்டாள்.

"கேக்குதா?"

"கேக்குது, நிறுத்துங்க."

"மச்சான், உங்களுக்கு?"

"டேய், நிறுத்துடா!"

நான் காலை எடுக்கவில்லை. உள்ளே இரும்பு உடைந்தது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, கொஞ்ச தூரம் உருண்டு, நின்றது. பானெட் இடுக்கில் புகை. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

மூன்று பேரும் சேர்ந்து ஓரமாகத் தள்ளினோம். ராகவேந்திரா கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா ஓடிட்டிருந்த வண்டி. பிரிச்சு மேஞ்சு கெடுத்துட்ட."

சாஹித்யா என்ஜினையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"நாளைக்கு ஆபீஸ் கேப் பிக்கப் எத்தனை மணிக்குன்னு மேனேஜர்கிட்ட கேக்கட்டுமா?"

"கேளு" என்றேன்.