பின்னறையில் பதினோரு நாள்

தங்கச்சி என் கட்டிலருகே வந்து நின்று, வீட்டுக்குள் வெடிகுண்டு இருப்பதைச் சொல்கிறவள் மாதிரி குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, இன்னைக்கோட பதினோரு நாள்."

"எதுக்கு?"

"என் மருமகளுக்குத்தான். பின்னறையை விட்டு வெளிய வரமாட்டேங்கிறா. எந்த ஊர்ல பதினோரு நாள் தீட்டு?"

மாதவிலக்கு வந்தால் பின்னறைக்குப் போய்விட வேண்டும் என்பது தங்கச்சியின் சட்டம். தனிப் பாய், தனித் தட்டு, தனித் தம்ளர். சமையலறைப் பக்கம் நிழல்கூட விழக்கூடாது. அந்த நாட்களில் யாராவது தவறித் தன்மேல் பட்டுவிட்டால் தங்கச்சி தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்கிற வேகத்தில், அன்று எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது.

"நடிக்கிறாளான்னு நீ பாத்துச் சொல்லு. உனக்குத்தான் மூஞ்சியப் பாத்தாலே தெரியுமே."

உண்மைதான். முப்பத்திரண்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள் நான். டிக்கெட் இல்லாதவன் தூங்குவதுபோல் நடித்தால், அவன் இமை துடிப்பது அடுத்த பெட்டியில் இருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். கழிவறைக்குள் ஒளிந்திருந்த ஒரு கல்யாண கோஷ்டியை, மாப்பிள்ளை உட்பட, ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவந்திருக்கிறேன். ஓய்வு பெற்றபின் சந்தேகப்பட ஆளில்லாமல் வாடிக் கிடந்தவளுக்கு, தங்கச்சி சொன்னதைக் கேட்டதும் பத்து வயது குறைந்தது.

பின்னறைக்கு எதிரே நாற்காலி போட்டு, செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாட்சியங்கள் வந்து குவிந்தன. பகல் பதினொரு மணிக்குத் தூக்கம். சாப்பாடு பாதி அப்படியே திரும்பி வந்தது, கொழுப்பு. குளியலறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு மகாராணி நடை. மாலைக்குள் வழக்கை முடித்துவிட்டேன். ஆறு பேருக்கு மூன்று வேளை சமைக்கிறவளுக்குக் காலை நீட்டிப் படுக்க இந்த வீட்டில் கிடைத்த ஒரே இடம் அந்த அறை. மூன்று நாளைப் பதினொன்றாக இழுத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு அழகான ஏமாற்றைப் பார்த்ததில்லை என்று கைதட்டத் தோன்றியது.

வாசற்படியில் நின்றபடி சொன்னேன். "நடத்தும்மா, நடத்து. நான் கண்டுபிடிச்சிட்டேன்."

அவள் பாயில் படுத்தபடியே சிரித்தாள். "உங்ககிட்ட மறைக்க முடியுமா, பெரியத்தை."

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நான்தான் எதையும் வெறுமனே சொல்கிற ஜாதி இல்லையே. உள்ளே போனில் படம் ஓடுகிறது, பாட்டுக்குத் தொடையில் தாளம் போடுகிறாள் என்றெல்லாம் தங்கச்சியிடம் சேர்த்துச் சொன்னேன்.

மறுநாள் காலை, குளித்த கையோடு தங்கச்சி பின்னறைக்கு வெளியே போய் நின்றாள். "நாடகம் போதும்மா. குளிச்சிட்டு வந்து அடுப்பைப் பத்த வை. அக்கா எல்லாம் சொல்லிட்டா."

பாய் சுருட்டுகிற சத்தம் கேட்டது, பாதியில் நின்றது.

"பாத்தியா திமிரை," என்றாள் தங்கச்சி.

"இரு, நான் இழுத்துட்டு வர்றேன்," என்று உள்ளே போனேன். "எழுந்திரு மகாராணி," என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

சில்லென்று இருந்தது. கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கையில் சிவப்பு இல்லை, நகத்தில் இல்லை, உதட்டில் இல்லை. பாய்க்கு அடியில் சுருட்டித் திணித்திருந்த துணிகள் அத்தனையும் நனைந்திருந்தன. இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

"எத்தனை நாளா இப்படிப் போகுது?"

"போன மாசமும் இப்படித்தான்."

"வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"அத்தைகிட்ட முதல் வாரமே சொன்னேன். சுத்தமாகுற வரைக்கும் உள்ளயே இருன்னாங்க." மூச்சு வாங்கியது. "நீங்க வந்து நடிப்புன்னீங்க. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். யாரோ வந்து நின்னு பேசுனது நல்லா இருந்துச்சு."

தங்கச்சியின் சட்டத்தைத் தெருவெல்லாம் கேலி செய்தவள் நான். ஆனால் இந்தப் பதினோரு நாளும் நானும் அந்த வாசற்படியைத் தாண்டவில்லை. தாண்டினால் குளிக்கணும், சண்டை வரும், யாருக்கு வேண்டும் அந்த வம்பு. ஒரு தடவை தொட்டிருந்தால் போதும், அந்தக் கையே சொல்லியிருக்கும்.

ஆட்டோவுக்குப் போன் செய்தேன். எங்களுடையது மாடி வீடு, செங்குத்தான இருபத்திரண்டு படி. மருமகளின் புருஷன் மில்லில் காலை ஷிப்ட்டில் இருந்தான், பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போயிருந்தன. என் முழங்கால்களை நம்பி ஒரு தலையணையைக்கூட ஒப்படைக்க முடியாது. அவளுடைய ஒரு கையை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் எழுந்து நின்றதும் கால்கள் மடங்கின.

"அந்தப் பக்கம் பிடி," என்றேன் தங்கச்சியிடம்.

"குளிச்சிட்டேன்க்கா."

"தெரியுது. பிடி."

அவள் என்னைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "நெசமாவே முடியலையா, இல்ல ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு..."

நேற்று நான் கட்டிவிட்ட கதைதான் அவளை இப்படிக் கேட்க வைத்தது. மருமகள் இன்னொரு கையை அத்தையின் பக்கம் நீட்டினாள். பிடிக்க ஒன்றுமில்லாமல் அது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தங்கச்சி தன் வலது கையை முந்தானையில் துடைத்தாள். கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அவள் மறுபடியும் துடைத்தாள்.